அன்புள்ள எஸ், உங்களுக்கு ஒரு மெயில்: வணிகச் செய்திமடல் கேள்வி பதில்

சென்னையில் கடை, கம்பெனி, பயிற்சிக்கூடம் நடத்துபவர்கள் தங்கள் மெயில் செய்திமடலைப் பற்றிக் கேட்டவை இவை. முக்கால்வாசிக் கேள்விகள் ஒன்றையே சுற்றி வருகின்றன: ஆயிரம் பேருக்குப் போகும் மெயிலை ஒரு ஆள் உட்கார்ந்து எழுதியதாக எப்படித் தோன்ற வைப்பது? பெயரில் தொடங்கலாம், அதிகம் சொதப்புவது அங்கேதான்.

தி.நகர், புடவைக் கடை: பெயர் போட்டு மெயில் அனுப்பினோம் சார். சிலருக்கு ‘அன்புள்ள எஸ்’, இன்னும் சிலருக்கு ‘அன்புள்ள ஸ்ரீ’ என்று போயிருக்கிறது. எங்கே தப்பு?

படிவத்தில். மெயில் மென்பொருள் முதல் பெயர், கடைசிப் பெயர் என்று இரண்டு கட்டம் கேட்கிறது. நமக்குக் கடைசிப் பெயர் ஏது, இனிஷியல்தான். ஒருவர் ‘எஸ் ரமேஷ்’ என்று எழுதுவார், இன்னொருவர் ‘ரமேஷ்.எஸ்’ என்று எழுதுவார். பழைய பில் புத்தகத்திலிருந்து ஏற்றிய பட்டியலென்றால் ‘ஸ்ரீ முருகன் டிரேடர்ஸ்’ என்று கடைப் பெயரே இருக்கும். இடைவெளிக்கு முன்னால் இருப்பதை எடுத்து மென்பொருள் ஒட்டிவிடுகிறது.

இனி சேர்பவர்களுக்கு அந்த இரண்டு கட்டத்தையும் எடுத்துவிட்டு, ‘உங்களை எப்படி அழைக்கட்டும்?’ என்று ஒரே கட்டம் வையுங்கள். பழைய பட்டியலை எக்செல்லில் திறந்து ‘அழைக்கும் பெயர்’ என்று புதிதாக ஒரு பத்தியைச் சேருங்கள். முழுப் பெயரைப் புள்ளியிலும் இடைவெளியிலும் வெட்டி, துண்டுகளில் நீளமானதை அதில் போடுங்கள். பெரும்பாலும் அதுதான் ஆளின் பெயர். அதற்குப் பிறகு கண்ணால் ஒருமுறை ஓட்டியே ஆகவேண்டும். ‘முகமது இஸ்மாயில்’, ‘அந்தோணி ராஜ்’ போன்ற இரட்டைப் பெயர்களில் எந்தப் பாதியைச் சொல்லி அழைப்பார்கள் என்பது சூத்திரத்துக்குத் தெரியாது. சந்தேகம் வந்தால் இரண்டையும் சேர்த்தே போடுங்கள். இரண்டெழுத்துக்குக் குறைவானவை, டிரேடர்ஸ், ஏஜென்சீஸ், டாக்டர் என்று வருபவை எல்லாவற்றையும் வடிகட்டித் தனியாகப் பாருங்கள். ஆயிரம் பெயருக்கு ஒரு மத்தியானம் போகும்.

பெயர் கிடைக்காத கட்டத்தைக் காலியாக விடுங்கள். காலியாக இருந்தால் வெறும் ‘வணக்கம்’ என்று வரும்படி மாற்றுச்சொல் அமைக்கப் பெரும்பாலான மென்பொருளில் வழி இருக்கிறது. பெயருக்கு முன்னால் வரும் இடைவெளியையும் அந்த நிபந்தனைக்குள்ளேயே வையுங்கள். இல்லாவிட்டால் ‘வணக்கம் ,’ என்று காற்புள்ளி தனியாகத் தொங்கும், குட்டு அதிலேயே உடைந்துவிடும்.

மயிலாப்பூர், இசைப் பயிற்சிக்கூடம்: எங்கள் மடல் முழுக்கத் தமிழ். ‘ரமேஷ்க்கு’, ‘கவிதாக்கு’ என்று வருகிறதே, சரிசெய்ய முடியுமா?

மென்பொருளைத் திருத்த முடியாது, வாக்கியத்தைத் திருத்தலாம். பெயர் வந்து உட்கார மடலில் வைக்கும் குறியீட்டை ஒட்டி ‘க்கு’ போட்டால் மாலதிக்கு மட்டும் சரியாக வரும். ரமேஷ் ரமேஷுக்கு ஆகவேண்டும், கவிதா கவிதாவுக்கு ஆகவேண்டும், முருகன் முருகனுக்கு ஆகவேண்டும். செல்வமோ செல்வத்துக்கு என்று உருவே மாறும். ஆங்கில மடலுக்காகச் செய்த வார்ப்பு இதையெல்லாம் அறியாது.

ஆகவே குறியீட்டின் மேல் வேற்றுமை உருபை ஏற்றாதீர்கள். பின்னால் மாறாத சொல் ஒன்றை வைத்து உருபை அதன் தலையில் கட்டுங்கள்: ‘செல்வம் அவர்களுக்கு’. அல்லது ‘வணக்கம் செல்வம்,’ என்று விளியோடு நிறுத்திக்கொண்டு, உள்ளே ‘உங்களுக்கு’ என்றே எழுதிக்கொண்டு போங்கள். சார், மேடம் வேண்டாம். மணி, ஜோதி போன்ற பெயர்களில் ஆணா பெண்ணா என்று யாரால் சொல்ல முடியும்?

இன்னொரு பள்ளம் எழுத்து. பட்டியலில் பெயர் ஆங்கில எழுத்தில் இருக்கும், மடல் தமிழில் இருக்கும். தானாகத் தமிழாக்கும் கருவியை ஓட்டினால் மாலா மலாவாகலாம், பாலு பலுவாகலாம். பெயரைத் தப்பாக எழுதுவதைவிட ஆங்கில எழுத்திலேயே விடுவது மரியாதை. சேரும் படிவத்தில் ‘தமிழில் எழுதினால் மகிழ்ச்சி’ என்று ஒரு வரி சேர்த்தால், எழுதுகிறவர்கள் எழுதுவார்கள்.

அனுப்புமுன் உங்கள் முகவரிக்கே ஐந்து சோதனை மெயில் போடுங்கள்: பெயர் காலி, வெறும் இனிஷியல், தமிழ்ப் பெயர், மிக நீண்ட பெயர், கம்பெனிப் பெயர்.

அம்பத்தூர் எஸ்டேட், பேரிங் மற்றும் உதிரிபாக விற்பனை: எங்கள் கஸ்டமர் எல்லாம் பர்சேஸ் மேனேஜர்கள், மெயின்டனன்ஸ் ஆட்கள். அவர்களிடம் போய் ‘நலமா’ என்று கேட்டால் சிரிக்க மாட்டார்களா?

சிரிப்பார்கள். அவர்களிடம் நலம் விசாரிக்க வேண்டாம், அவர்கள் வேலையை விசாரியுங்கள். உங்கள் போன மாத மடலில் இப்படி ஒரு வரி இருந்திருக்கும்: ‘மதிப்புமிக்க வாடிக்கையாளர்களுக்கு உயர்தரச் சேவை வழங்குவதில் பெருமை கொள்கிறோம்.’ இதை டைல்ஸ் கடையும் எழுதலாம், டிராவல்ஸும் எழுதலாம். பதிலாக இதை வைத்துப் பாருங்கள் (எண்களும், இசட்இசட், டூஆர்எஸ் என்பவையும் பேரிங் வகைகள்):

‘6205 கைவசம் இருக்கிறது. 6308 வந்துசேர மூன்று வாரம் ஆகும். ஆயுத பூஜை ஷட்டவுனில் மாற்றுவதாக இருந்தால் இந்த வெள்ளிக்குள் ஒரு வரி பதில் போடுங்கள், எடுத்து வைக்கிறேன். மழைக்கு முன் ஒன்று: தண்ணீர் தெறிக்கிற இடத்து மோட்டாரில் இசட்இசட் போட்டிருந்தால், அடுத்த முறை டூஆர்எஸ் கேளுங்கள். இசட்இசட்டின் இரும்பு மூடி தூசியைத் தடுக்கும், ஈரத்தை விட்டுவிடும். ரப்பர் சீல்தான் ஈரத்துக்குத் தாங்கும்.’

கீழே ஸ்டோர்ஸைப் பார்த்துக்கொள்பவரின் பெயரும் நேரடி எண்ணும். இதில் வாசகரின் பெயரே வரவில்லை, ஆனாலும் தன் ஷெட்டைத் தெரிந்த ஆள் எழுதியதாக அவருக்குப் படும். சொந்தக் குரல் என்பது எனக்குத் தெரிந்த வரையில் அனுப்புகிறவர் பக்கத்திலிருந்துதான் வருகிறது. வாங்குகிறவரின் பெயரைப் பத்து முறை அச்சடித்தால் அது சீட்டுக் கம்பெனி மெயில் மாதிரிதான் இருக்கும்.

இந்த மாதிரி வரிகளுக்கு மார்க்கெட்டிங் ஆளைக் கேட்காதீர்கள். கவுன்டரில் நிற்பவரிடம் வாரம் பத்து நிமிஷம் உட்கார்ந்து இரண்டே கேள்வி கேளுங்கள்: இந்த வாரம் அதிகம் கேட்டு வந்த பொருள் எது, எதைத் தப்பாக வாங்கிக்கொண்டு போய்த் திருப்பிக் கொண்டுவந்தார்கள்? இரண்டாவது கேள்வியில்தான் சரக்கு இருக்கிறது. பட்டியலை மூன்றாகப் பிரித்தால் போதும்: பம்ப் வைத்திருப்பவர்கள், கன்வேயர் வைத்திருப்பவர்கள், மற்றவர்கள். முதல் பத்தியை மட்டும் மாற்றுங்கள், மீதி எல்லோருக்கும் ஒன்றே. பதினைந்து பிரிவு போட்டால் மூன்றாவது மாதம் மடலே நின்றுவிடும்.

அண்ணா நகர், பேக்கரி: அனுப்புநர் பெயரில் கடைப் பெயரா, என் பெயரா?

இரண்டும். முதலில் உங்கள் பெயர், பிறகு கடை. இன்பாக்ஸில் பெயர் நீண்டால் வால் வெட்டுப்படும், ஆகையால் சின்னதாக வையுங்கள். வைத்த பெயரை மாற்றாதீர்கள். தலைப்பும் அப்படியே, தமிழ் எழுத்து அகலமானது, மொபைலில் நாலைந்து சொல்லுக்கு மேல் தெரிவது அரிது. விஷயத்தை முதல் மூன்று சொல்லிலேயே சொல்லிவிடுங்கள்.

‘இந்த முகவரிக்குப் பதில் எழுத வேண்டாம்’ என்ற வரி இருந்தால் இன்றைக்கே எடுங்கள். ஒரு கையால் கும்பிட்டு மறு கையால் கதவைச் சாத்துகிற வேலை அது. பதில்கள் யாராவது தினமும் திறந்து பார்க்கும் பெட்டிக்கு வரவேண்டும். மடல் முடிவில் ஒரே வரியில் விடை சொல்லக்கூடிய கேள்வி ஒன்று வையுங்கள்: ‘பிளம் கேக் முட்டையில்லாமல் வேண்டுமா?’ போன்றது. பதில் வந்தால் ஒரு வேலை நாளுக்குள் பதில் போடுங்கள்.

நுங்கம்பாக்கம், ஆடிட்டர் அலுவலகம்: கையெழுத்தை ஸ்கேன் செய்து மடலின் கீழே வைக்கலாமா? நன்றாக இருக்கும் என்றார்கள்.

நன்றாகத்தான் இருக்கும். ஆனால் செக்கிலும் சான்றிதழிலும் போடும் கையெழுத்தை ஒருபோதும் வைக்காதீர்கள். தெளிவான கையெழுத்துப் படத்தை ஆயிரம் பேருக்கு இலவசமாகக் கொடுப்பது ஒரு ஆடிட்டர் செய்கிற காரியமா? பெயரை மட்டும் சாதாரணமாக, தமிழில் எழுதுங்கள். வெள்ளைத் தாள், தடித்த கறுப்பு ஜெல் பேனா. 300 பிக்சல் அகலத்தில் சேமித்து, 150-இல் காட்டுங்கள், அப்போதுதான் மொபைலில் கலங்காது. பின்னணியை நீக்கிய பிஎன்ஜி படம் வைத்தால் டார்க் மோடில் கறுப்பு மேல் கறுப்பு, எழுத்து மறைந்துபோகும். வெள்ளைப் பின்னணியை விட்டுவையுங்கள். படம் திறக்காதவர்களுக்காக மாற்று உரையில் பெயர் இருக்கட்டும்.

உங்களுக்குத் தேதிதான் பெரிய துணை. மாதாமாதம் ஜிஎஸ்டி தாக்கல் செய்பவர்களுக்கு விற்பனை விவரமான ஜிஎஸ்டிஆர்-1 11-ஆம் தேதி, வரி கட்டும் சுருக்கக் கணக்கான 3பி 20-ஆம் தேதி. 19-ஆம் தேதி மடல் யாருக்கும் பயன்படாது. 5-ஆம் தேதி, ‘சப்ளையர் பில் எதுவும் பாக்கியா என்று இன்றைக்கே பாருங்கள்’ என்று இரண்டு வரி போனால், அவர்கள் கணக்குப்பிள்ளைக்கு அதுவே ஃபார்வர்டு ஆகும்.

அடையாறு, குழந்தைகள் பல் மருத்துவமனை: பிறந்தநாள் வாழ்த்து மெயில்?

கவனம். 2023-ஆம் ஆண்டு டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தின்படி 18 வயதுக்குக் கீழ் எல்லோரும் குழந்தைகள்தான். அவர்கள் தரவைக் கையாளப் பெற்றோரின் சரிபார்க்கத்தக்க ஒப்புதல் வேண்டும், அவர்களைக் குறிவைத்த விளம்பரம் கூடாது. சிகிச்சைக்காக வாங்கிய பிறந்த தேதியை மார்க்கெட்டிங்குக்குத் திருப்பாதீர்கள். வேண்டுமானால் பெற்றோரிடம் தனியாகக் கேட்டு, நாளும் மாதமும் மட்டும் வாங்குங்கள், ஆண்டு தேவையே இல்லை. ‘போன மாதம் வேர்ச் சிகிச்சை செய்துகொண்ட உங்கள் மகனுக்கு’ என்று எழுதுவது அக்கறை போலத் தெரியும், வீட்டில் யார் திறந்து படிப்பார்கள் என்பது உங்களுக்குத் தெரியாது.

மேற்கு மாம்பலம், கல்யாண சமையல் கான்ட்ராக்ட்: எல்லாப் பண்டிகைக்கும் வாழ்த்து அனுப்பலாமா அண்ணா?

வேண்டாம் தம்பி. தீபாவளி காலையில் வங்கி, நகைக்கடை, இன்சூரன்ஸ் என எல்லா விளக்குப் படமும் ஒரே வரிசையில் வந்து நிற்கும், உங்களுடையது பதினேழாவது. உங்களுக்கென்று இருப்பது முகூர்த்தக் காலண்டர். ஆடியில் கல்யாணம் இல்லை என்று சும்மா இருக்காதீர்கள், ஆவணிக் கல்யாண வீடுகள் மெனு பேசுகிற மாதமே அதுதான். மார்கழியில் அப்படியே தைக்கு. ‘300 இலைக்குப் பந்தி எத்தனை, பரிமாற ஆள் எத்தனை’ என்று கணக்குப் போட்டு ஒரு மடல் அனுப்புங்கள், வாழ்த்தைவிட அது நாளாகப் பத்திரப்படும்.

வேளச்சேரி, யோகா வகுப்பு: திறந்து பார்த்தவர்கள் 60 சதவீதம் என்று காட்டுகிறது. நம்பலாமா?

முழுசாக நம்பாதீர்கள். 2021-இல் ஐஓஎஸ் 15 வந்ததிலிருந்து ஆப்பிள் மெயில், ‘மெயில் தனியுரிமைப் பாதுகாப்பு’ என்ற வசதியை இயக்கியவர்களுக்கு, ஆள் திறக்காவிட்டாலும் படங்களை முன்கூட்டியே இறக்கிவிடுகிறது. மென்பொருள் அதைத் திறந்ததாகக் கணக்கெழுதும். பதில்களை எண்ணுங்கள், சொடுக்குகளை எண்ணுங்கள். அல்லது மடலுக்குள் ஒரு சொல்லை ஒளித்து, ‘வகுப்பில் இதைச் சொன்னால் ஒரு நாள் இலவசம்’ என்று போடுங்கள்.

திருவல்லிக்கேணி, பதிப்பகம்: டிடிபி கடையில் வாங்கிய தமிழ், மெயிலில் ஆங்கில எழுத்துக் குப்பையாகத் தெரிகிறது. அதோடு ஜிமெயில் பாதியில் வெட்டிவிடுகிறது.

குப்பைக்குக் காரணம் பாமினி போன்ற பழைய எழுத்துரு. யூனிகோடுக்கு மாற்றி ஒட்டுங்கள், மாற்றிய பிறகு ஒற்றெழுத்துகளையும் ‘ஔ’வையும் ஒருமுறை படித்துப் பாருங்கள். வெட்டுவதற்குக் காரணம் 102 கேபி வரம்பு. இதில் படங்களின் எடை சேராது, ஹெச்டிஎம்எல் (உரையும் அதை வடிவமைக்கும் குறிகளும்) மட்டும்தான். யூனிகோடைச் சேமிக்கும் யூடிஎஃப்-8 முறையில் தமிழ்க் குறியீடு ஒவ்வொன்றும் மூன்று பைட், ‘கி’ என்றால் எழுத்தும் கொக்கியும் சேர்ந்து ஆறு. ஆங்கில மடல் தாங்கும் நீளத்தைத் தமிழ் மடல் தாங்காது. வேர்டிலிருந்து நேராக ஒட்டினால் கூடவே குவியலாகக் குறிகள் வரும், வெறும் உரையாக ஒட்டுங்கள். வெட்டுப்பட்டால் அடியில் இருக்கும் ‘விலகல்’ இணைப்பும் மறையும். விலக வழி தெரியாதவர் ஸ்பாம் பொத்தானை அழுத்துவார்.

சைதாப்பேட்டை, தையல் பயிற்சி: எனக்கு 80 பேர்தான். சாதாரண ஜிமெயிலிலிருந்தே அனுப்பலாமா அக்கா?

அனுப்பலாம்மா. இலவச ஜிமெயிலில் நாளொன்றுக்கு 500 பேர் வரை போகும். முகவரிகளைப் பிசிசியில் போடுங்கள். கைதவறிச் சிசியில் போட்டால் எண்பது பேர் முகவரியும் எண்பது பேருக்கும் தெரியும். ‘பெறுநர்’ இடத்தில் உங்கள் முகவரியே இருக்கட்டும். நேரம் இருந்தால் 20 பேரைத் தேர்ந்து, முதல் வரியை மட்டும் கையால் மாற்றித் தனித்தனியாக அனுப்புங்கள்: யார் பிளவுஸ் கட்டிங்கில் நிற்கிறார், யார் மிஷின் வாங்கினார் என்று உங்களுக்குத்தான் தெரியுமே.

பட்டியல் சில நூறைத் தாண்டினால் சொந்த டொமைனும் மெயில் சேவையும் எடுங்கள். ஜிமெயில் முகவரியையே அனுப்புநராக வைத்து வேறு சேவை வழியாக அனுப்பாதீர்கள், டிமார்க் என்ற அனுப்புநர் சோதனையில் தோற்று ஸ்பாமில் விழும். மெயில் உங்கள் டொமைனிலிருந்துதான் வருகிறது என்று காட்டும் எஸ்பிஎஃப், டிகேஐஎம், டிமார்க் மூன்று பதிவுகளையும் டொமைன் விற்றவரிடமே போட்டுத் தரச் சொல்லுங்கள். நாளுக்கு 5,000-க்கு மேல் ஜிமெயிலுக்கு அனுப்புகிறவர்களுக்கு 2024 பிப்ரவரியிலிருந்து இவை மூன்றும் கட்டாயம், மற்றவர்களுக்கு எஸ்பிஎஃப், டிகேஐஎம் இரண்டில் ஒன்றாவது வேண்டும். ஸ்பாம் புகார் எல்லோருக்குமே 0.3 சதவீதத்துக்குக் கீழே இருக்கவேண்டும். 80 பேரில் ஒருவர் ஸ்பாம் அழுத்தினாலே அது 1.25 சதவீதம். வகுப்பை விட்டுப் போனவர்களிடம் ‘மடல் தொடரட்டுமா?’ என்று ஒருமுறை கேட்டு, பதில் வராதவர்களை எடுத்துவிடுங்கள்.