பக்கவாத மறுவாழ்வுச் சிகிச்சை: வைப்புத்தொகையை உடைக்கலாமா?

கேள்வி: என் கணவருக்கு வயது 54. பக்கவாதம் வந்து 12 நாள் ஆகிறது. வலது கையும் காலும் அசையவில்லை, பேச்சும் வரவில்லை. மறுவாழ்வுப் பிரிவில் 6 வாரம் தங்கவேண்டும் என்கிறார் மருத்துவர். காப்பீட்டு நிறுவனம் 2 வாரத்துக்குத்தான் அனுமதி கொடுத்திருக்கிறது. மீதிக்கு எங்கள் இருவர் பெயரிலும் உள்ள வைப்புத்தொகையை உடைக்கலாமா? இல்லை, வீட்டுக்கு அழைத்து வந்து பிசியோதெரபிஸ்ட் வைத்துக்கொள்ளலாமா?

பதில்: உடைக்கலாம். ஆனால் 6 வாரப் பணத்தையும் மொத்தமாகக் கட்டிவிடாதீர்கள். இரண்டிரண்டு வாரமாகக் கட்டுங்கள்.

பக்கவாதத்தில் இழந்த இயக்கம் வேகமாகத் திரும்புவது முதல் 3 மாதங்களில்தான். 6 மாதத்துக்குப் பிறகும் முன்னேற்றம் உண்டு, வேகம் குறைந்துவிடும். எனவே செலவழிக்கவேண்டிய காலம் இதுதான். ஆனால் வீடு திரும்பிய பிறகும் பல மாதம் புறநோயாளிப் பயிற்சி, உதவியாளர் சம்பளம், குறைந்த வருமானம் எல்லாம் தொடரும். அதில் 6 மாதச் செலவை முதலில் தனியே ஒதுக்கிவிட்டு, மிச்சம் எத்தனை வாரத்துக்கு வருகிறது என்று பாருங்கள்.

மருத்துவமனையை நாள் கட்டணத்தை வைத்து ஒப்பிடாதீர்கள். பயிற்சி மணிக்கு எவ்வளவு ஆகிறது என்று கணக்கிடுங்கள். ஓரிடத்தில் நாளுக்கு 100 வாங்கி 3 மணி நேரம் பயிற்சி கொடுத்தால், மணிக்கு 33. இன்னோரிடத்தில் 70 வாங்கி 1 மணி நேரம்தான் கொடுத்தால், மணிக்கு 70. மலிவாகத் தெரிவது இரு மடங்கு விலை! விடுமுறை நாளில் பயிற்சி உண்டா என்றும் கேளுங்கள். இல்லையென்றால் அன்று கட்டுவது வெறும் கட்டில் வாடகை. பேச்சுப் பயிற்சியாளர், ஆக்குபேஷனல் தெரபிஸ்ட் (அன்றாட வேலைகளைச் செய்யப் பழக்குபவர்) கட்டணங்கள் நாள் கட்டணத்துக்குள் அடக்கமா, தனியா என்பதை எழுதி வாங்குங்கள். பில் வீங்குவது பெரும்பாலும் அங்கேதான்.

இனி காப்பீடு. நீட்டிப்பு மறுக்கப்படும்போது வழக்கமாகச் சொல்லப்படும் காரணம் இரண்டு: 'இது வெறும் பராமரிப்பு', 'வீட்டிலேயே செய்யக்கூடியது'. இதற்கு இடம் கொடுப்பது பல நேரம் மருத்துவக் குறிப்புதான். 'நோயாளி நலம், சிகிச்சை தொடர்கிறது' என்று ஒரு வரி இருந்தால், படிக்கிற காப்பீட்டு அதிகாரி வீட்டுக்கு அனுப்பிவிடலாம் என்றுதான் நினைப்பார். பார்தெல் மதிப்பெண் என்று 0 முதல் 100 வரை ஓர் அளவு உண்டு. சாப்பிடுவது, குளிப்பது, நடப்பது போன்றவற்றை அளப்பது. சேர்ந்த நாளில் எவ்வளவு, இன்று எவ்வளவு, அடுத்த 2 வாரத்தில் எதை எட்டவேண்டும் என்று மருத்துவரிடம் கடிதமாக எழுதி வாங்குங்கள். விழுங்குவதில் சிரமம், ரத்த அழுத்த ஏற்ற இறக்கம், கட்டிலிலிருந்து நாற்காலிக்கு மாற்ற இருவர் தேவைப்படுவது போன்றவை இருந்தால், அவை கடிதத்தில் வந்தே ஆகவேண்டும். அனுமதி முடிவதற்கு 4, 5 நாள் முன்பே விண்ணப்பியுங்கள். மறுத்தால் காரணத்தை எழுத்தில் வாங்கி மேல்முறையீடு செய்யுங்கள்.

தீவிர நோய்க் காப்பீடு ஏதாவது இருக்கிறதா என்று அவருடைய கோப்புகளில் தேடுங்கள். அது மருத்துவமனை பில்லுக்கு அல்ல. நோய்க்கே மொத்தத் தொகை தருவது. ஆனால் பக்கவாதத்துக்குப் பல பாலிசிகள் நிரந்தர நரம்புப் பாதிப்புக்கான சான்று கேட்கும், அதுவும் 3 மாதம் கழித்து. ஆகவே அதை நம்பி இப்போதைய பில்லைத் திட்டமிடாதீர்கள். வீடு திரும்பிய பிறகான செலவுக்கு உதவும்.

வைப்புத்தொகை முதிர்வுக்குச் சில மாதமே இருந்தால், உடைப்பதைவிட அதன் மேல் கடன் வாங்குவது மலிவாக இருக்கலாம். அபராதத்தையும் வட்டி இழப்பையும் கடன் வட்டியோடு ஒப்பிட்டுப் பாருங்கள். ஒருவர் கையெழுத்தே போதும் என்று தொடங்கிய கணக்காக இருந்தாலும், முன்கூட்டியே முடிக்கப் பல வங்கிகள் இருவர் கையெழுத்தும் கேட்கும். வலது கை வராவிட்டால் கைரேகையோ இடது கைக் கையெழுத்தோ ஏற்கும் நடைமுறை என்ன என்று வங்கியில் இன்றே விசாரியுங்கள். பேச்சு வரவில்லை என்பதாலேயே அவருக்குப் புரியவில்லை என்று ஆகாது. புரிந்து சம்மதிக்கிறார் என்று மருத்துவர் சான்று கொடுத்தால் வேலை எளிதாகும்.

2 வாரம் கழித்து பார்தெல் மதிப்பெண் ஏறியிருந்தால் அடுத்த 2 வாரத்துக்குக் கட்டுங்கள். நின்றுவிட்டால் ஏன் என்று கேளுங்கள். மனச்சோர்வோ நோய்த்தொற்றோ தோள்வலியோ தடுத்துக்கொண்டிருக்கலாம். சரிசெய்தால் மீண்டும் ஏறும். அப்படி ஒன்றும் இல்லையென்றால் வீட்டுக்கு அழைத்து வாருங்கள்.

கிளம்புவதற்கு முந்தைய 3 நாள், கட்டிலிலிருந்து மாற்றும் முறையை நீங்களே செய்து பழகுங்கள். செயலிழந்த கையைப் பிடித்து இழுத்துத் தூக்கினால் தோள் மூட்டு நழுவக்கூடும். பிறகு அந்த வலிக்கு வேறு செலவு. சக்கர நாற்காலியையும் கட்டிலையும் இப்போதைக்கு வாடகைக்கே எடுங்கள். 3 மாதத்தில் அவருடைய தேவை மாறிவிடும்.

அவருடைய அலுவலகத்தில் ராஜினாமா கேட்டால் உடனே கொடுத்துவிடாதீர்கள். அலுவலகம் எடுத்துத் தரும் குழுக் காப்பீடு பெரும்பாலும் வேலையோடு சேர்ந்தே முடிந்துவிடும்.