லினக்ஸை மறுபடி நிறுவும்போது அமைப்புகளைக் காப்பது: கேள்வி பதில்

கேள்வி: லினக்ஸ் வகைகளில் ஒன்றான லுபுண்டுவை மறுபடி நிறுவப் போகிறேன். பேனல், குறுக்குவிசை, எழுத்துரு ஆகிய அமைப்புகள் எங்கே இருக்கின்றன?

பதில்: பெரும்பாலும் உங்கள் ஹோம் கோப்புறையில், பெயரின் முதலில் புள்ளியுள்ள மறைகோப்புகளாக இருக்கின்றன. கோப்பு மேலாளரில் கன்ட்ரோல், எச் விசைகளைச் சேர்த்து அழுத்தினால் அவை தெரியும். லுபுண்டு 18.10 முதல் எல்எக்ஸ்க்யூடி டெஸ்க்டாப்பில் இயங்குவதால், ‘.கான்ஃபிக்’ கோப்புறைக்குள் எல்எக்ஸ்க்யூடி, ஓப்பன்பாக்ஸ் (சாளரங்களை நிர்வகிக்கும் நிரல்) ஆகிய இரண்டின் கோப்புறைகளையும் தவறாமல் எடுத்துக்கொள்ளுங்கள். தற்காலிகக் கோப்புகள் கொண்ட ‘.கேஷ்’ கோப்புறை தேவையில்லை.

கேள்வி: பென்டிரைவில் நகலெடுத்துத் திரும்ப வைத்தபின், வேறு கணினிகளில் பாதுகாப்பாக நுழைய உதவும் எஸ்எஸ்எச் நிரல் என் சாவிக் கோப்பை ஏற்க மறுக்கிறது. ஏன்?

பதில்: பென்டிரைவ்களில் வழக்கமாக இருக்கும் ஃபேட்32 வடிவம், கோப்பின் உரிமையாளர் யார், அதை யார் படிக்கலாம் என்ற விவரங்களைச் சேமிப்பதில்லை, ஆகவே திரும்பி வரும் தனிச்சாவி எல்லோரும் படிக்கக்கூடியதாகிவிடுகிறது, அத்தகைய சாவியை எஸ்எஸ்எச் பயன்படுத்தாது. இப்போதைக்கு அக்கோப்பின் அனுமதியை 600 (உரிமையாளர் மட்டுமே படிக்கவும் எழுதவும் முடியும்) என மாற்றுங்கள். அடுத்த முறை ஹோம் கோப்புறை முழுவதையும் டார் கட்டளையால் ஒரே கோப்பாகக் கட்டி எடுத்துச் சென்றால், அனுமதிகள் அதற்குள்ளேயே பத்திரமாக இருக்கும். ஆனால் ஃபேட்32 வடிவில் ஒரு கோப்பு 4 ஜிபியைத் தாண்ட முடியாது என்பதால், பெரிய தொகுப்புக்கு லினக்ஸின் எக்ஸ்ட்4 வடிவில் அமைத்த வட்டே நல்லது. கட்டளையில் ‘எல்லாக் கோப்புகளும்’ என்பதற்கு நட்சத்திரக் குறியிட்டு நகலெடுக்கும் வழக்கத்தையும் விட்டுவிடுங்கள். அது புள்ளிக் கோப்புகளைச் சேர்க்காது, அந்த இழப்பு பழைய வட்டை அழித்த பிறகுதான் தெரியவரும்.

கேள்வி: ஹோமுக்கு வட்டில் தனிப் பகிர்வு (பிரித்து ஒதுக்கிய பகுதி) வைத்தால் இந்தத் தொல்லை தீருமா?

பதில்: பெருமளவு தீரும், என் பரிந்துரையும் அதுவே. நிறுவும்போது கைமுறைப் பகிர்வைத் தேர்ந்து, அப்பகிர்வை ஹோம் என இணைத்து, ஃபார்மட் குறியை மட்டும் எடுத்துவிட வேண்டும். பழைய பயனர்பெயரையே கொடுங்கள். டெபியன், உபுண்டு வழிவந்தவற்றில் முதல் பயனரின் எண் 1000 என்பதால் கோப்புரிமையும் வழக்கமாகப் பொருந்திவிடும். இருந்தாலும் வேறொரு வட்டில் நகல் இல்லாமல் தொடங்காதீர்கள்.

கேள்வி: முன்பைவிடப் பழைய பதிப்பை நிறுவலாமா?

பதில்: நிறுவலாம், ஆனால் எல்லாவற்றையும் அப்படியே கொட்டாதீர்கள். ஃபயர்பாக்ஸ் 67 முதல், புதிய பதிப்பில் பயன்படுத்திய புரொஃபைலை (உங்கள் அமைப்புகளும் தரவும் உள்ள கோப்புறை) பழைய பதிப்பில் திறப்பதை அது தடுக்கிறது. புத்தகக்குறிகளைத் தனியே ஏற்றுமதி செய்துகொள்ளுங்கள்.

கேள்வி: வைஃபை கடவுச்சொற்களும் ஹோமில்தான் உள்ளனவா?

பதில்: இல்லை. பிணைய இணைப்புகளைக் கவனிக்கும் நெட்வொர்க்மேனேஜர் அவற்றை வழக்கமாக, கணினி முழுமைக்குமான அமைப்புகள் உள்ள ‘இடிசி’ கோப்புறைக்குள் வைக்கிறது. ரூட் (நிர்வாகி) அனுமதியோடுதான் நகலெடுக்க முடியும்.