இரு பிள்ளைகளையும் ஒரே ஜனவரியில் மாற்றலாமா?

கேள்வி: கொழும்பு கொட்டாஞ்சேனையில் வசிக்கிறோம். மகள் தரம் 9, மகன் தரம் 4. இருவரும் அரசாங்கப் பாடசாலையில் தமிழ் மொழிமூலம் படிக்கிறார்கள். கணவர் கத்தோலிக்கர், நான் சைவம். பிள்ளைகளுக்கு ஞானஸ்நானம் கொடுத்தோம். ஆனால் பாடசாலையில் சைவநெறிதான் படிக்கிறார்கள். வரும் ஜனவரியில் இருவரையும் கத்தோலிக்கப் பாடசாலையில் சேர்க்கும்படி மாமி வற்புறுத்துகிறார். என்ன செய்யலாம்?

பதில்: சகோதரி, இருவரையும் சேர்த்து ஒரே நேரத்தில் மாற்றாதீர்கள். மகளுக்கு வரும் ஜனவரி கடைசி வாய்ப்பு. அது தவறினால் தரம் 11 முடிவில் சாதாரண தரப் பரீட்சை எழுதி முடித்து, உயர்தரத்துக்கு (தரம் 12) மாற்றுங்கள். மகன் தரம் 6 வரை இருக்கும் இடத்திலேயே இருக்கட்டும்.

மகளின் விடயம்தான் சிக்கலானது. சாதாரண தரத்தில் சமயம், தாய்மொழி, ஆங்கிலம், கணிதம், விஞ்ஞானம், வரலாறு என்று 6 பாடங்கள் கட்டாயம். மிச்சம் 3 பாடங்களைத் தொகுதிகளிலிருந்து தெரிவு செய்யவேண்டும். தரம் 10இல் எடுக்கும் பாடத்தைத்தான் தரம் 11 முடியும்வரை கொண்டுபோக வேண்டும். எனவே தரம் 10இன் நடுவில் மாற்றுவது பிள்ளைக்குச் செய்யும் அநியாயம்.

பெற்றோர் பெரும்பாலும் கவனிக்காமல் விடுவது சங்கீதம், நடனம், சித்திரம் போன்ற பாடங்கள் வரும் இரண்டாம் தொகுதியை. உங்கள் மகள் தரம் 6இலிருந்து பரதமோ கர்நாடக சங்கீதமோ படித்திருக்கலாம். புதிய பாடசாலையில் அதற்கு ஆசிரியர் இல்லாவிட்டால், 'சித்திரம் எடுங்கள், அல்லது மேலைத்தேய சங்கீதம் எடுங்கள்' என்பார்கள். நாலு வருடம் சரிகம படித்த பிள்ளை மேலைத்தேய இசைக்குறியீட்டை இரண்டே வருடத்தில் அடியிலிருந்து படிப்பது லேசல்ல. அந்தப் பாடசாலையில் தரம் 10 தமிழ் மொழிமூல வகுப்பு நடக்கிறதா, அதில் எந்தெந்தத் தொகுதிப் பாடங்கள் உண்டு என்பதை விண்ணப்பம் வாங்கும் அன்றே அலுவலகத்தில் எழுதி வாங்குங்கள். 'சிங்கள வகுப்பில்தான் இடம் இருக்கிறது' என்று சொன்னால் எழும்பி வந்துவிடுங்கள். உயர்தரத்துக்குப் போக தாய்மொழியும் கணிதமும் உட்பட 6 பாடங்களில் சித்தி வேண்டும், அவற்றில் 3 திறமைச் சித்தி (C அல்லது அதற்கு மேல்). இந்த வயதில் தாய்மொழிப் பாடத்தை மாற்றினால் பிள்ளை தடுக்கி விழுவது அங்கேதான்.

அடுத்தது சமயம். அனுமதியில் கத்தோலிக்கப் பிள்ளைகளுக்கு முன்னுரிமை உண்டு, ஆகவே ஞானஸ்நானச் சான்றிதழ் உங்களுக்குக் கைகொடுக்கும். ஆனால் அதைக் காட்டிச் சேர்த்த பிள்ளை கத்தோலிக்க சமயம் படிக்கவேண்டும் என்றுதான் பாடசாலை எதிர்பார்க்கும். சைவநெறியை விட்டு இரண்டு வருடத்தில் புதிதாகப் படித்துப் பரீட்சை எழுத அவள் தயாரா? முதல் நன்மை (முதன்முதலாக நற்கருணை பெறும் சடங்கு) வாங்கியிருக்கிறாளா? இதை மாமியும் நீங்களும் மட்டும் பேசி முடிக்காதீர்கள், 14 வயதுப் பிள்ளையிடம் கேளுங்கள். பொட்டும் திருநீறும் வைத்துக்கொண்டு போகலாமா என்பதையும் கூச்சப்படாமல் முதலிலேயே கேட்டுவிடுங்கள். முதல் நாள் வாசலில் நின்று பொட்டைத் துடைக்கச் சொல்லும்போதுதான் தெரியவந்தால் பிள்ளையின் மனம் நொந்துபோகும்.

சான்றிதழை, ஞானஸ்நானம் கொடுத்த கோயிலில் புதிதாகப் பிரதி எடுங்கள். பங்குத்தந்தையின் கடிதமும் கேட்பார்கள். கோயில் பக்கமே போகாத குடும்பத்துக்கு அவர் என்னத்தை எழுதுவார்? இப்போதிருந்தே பிள்ளைகளை ஞாயிறு மறைக்கல்விக்கு அனுப்புங்கள். கடிதத்துக்காக மட்டும் என்றால் வேண்டாம், பிள்ளைகள் அதைக் கண்டுபிடித்துவிடுவார்கள்.

மகனுக்கு அடுத்த வருடம் புலமைப்பரிசில் பரீட்சை. பழகிய ஆசிரியரிடமே படித்து எழுதட்டும். பெறுபேறு வந்ததும் நல்ல புள்ளி எடுத்த பிள்ளைகள் வேறு பாடசாலைகளுக்குப் போவதால் தரம் 6இல் இடங்கள் காலியாகும். தரம் 5இல் கிடைக்காத இடம் அப்போது கிடைக்கலாம்.

எந்தப் பாடசாலை என்பதையும் பாருங்கள். பெயரில் புனிதர் இருப்பதாலேயே அது திருச்சபையின் பாடசாலை ஆகிவிடாது. அரசின் உதவிப் பணம் பெற்றுத் திருச்சபை போன்றவை நடத்திய பாடசாலைகள் பல, 1960ஆம் ஆண்டின் 5ஆம் இலக்கச் சட்டத்தோடு அரசின் கைக்குப் போயின, பெயர் மட்டும் பழையபடியே நிற்கிறது. உங்கள் கொட்டாஞ்சேனையிலேயே ஆண்களுக்குப் புனித பெனடிக்ட் கல்லூரியும் பெண்களுக்கு நல்லாயன் கன்னியர் மடமும் இருக்கின்றன. பம்பலப்பிட்டியில் புனித பீட்டர் கல்லூரியும் திருக்குடும்பக் கன்னியர் மடமும் நல்ல பாடசாலைகள்தான், ஆனால் காலை நெரிசலில் காலி வீதிப் பயணத்தை ஒரு பாடசாலை நாளில் நீங்களே ஒருமுறை போய்ப் பாருங்கள்.

அனுமதிக் கட்டணம் ஒருமுறை, தவணைக் கட்டணம் வருடத்துக்கு 3 முறை. இரண்டு பாடசாலை என்றால் வேனும் இரண்டு. எல்லாவற்றுக்கும் பற்றுச்சீட்டு வாங்குங்கள். பிள்ளை விலகினால் அனுமதிக் கட்டணம் திரும்பக் கிடைக்குமா என்றும் கேளுங்கள்.

விடுகைப் பத்திரத்தை (பாடசாலையை விட்டு விலகும்போது தரும் சான்றிதழை) மட்டும் அவசரப்பட்டு எடுக்காதீர்கள். புதிய அதிபரின் அனுமதிக் கடிதம் கையில் வந்த பிறகே இப்போதைய பாடசாலையில் அதற்கு எழுதிக் கொடுங்கள். முதலே எடுத்துவிட்டு, போகிற இடம் கைகூடாவிட்டால், விட்ட இடத்துக்குத் திரும்ப வலயக் கல்விப் பணிமனை வரை அலைய நேரிடும். நூலகப் புத்தகங்களைத் திருப்பிக் கொடுத்து, தேர்ச்சி அறிக்கைகளின் பிரதிகளையும் எடுத்து வையுங்கள். நேர்முகத்துக்குப் போகும்போது மகளின் கணிதக் கொப்பியும் பையில் இருக்கட்டும்.