பத்திரத்தில் யார் பெயர்?

கேள்வி: அரசு உதவி பெறும் பள்ளியில் ஆசிரியையாக இருக்கிறேன். கணவர் பிரிந்துபோய் ஆறு வருடமாகிறது. விவாகரத்து வழக்கு இன்னும் முடியவில்லை. மகள் எட்டாம் வகுப்பு படிக்கிறாள். ஸ்ரீரங்கத்தில் பத்து வருடப் பழைய ஃபிளாட் ஒன்றை 32 லட்சத்துக்குப் பேசி வைத்திருக்கிறேன். "உன் பேர்ல வாங்கினா அவன் பங்கு கேட்டு வருவான். என் பேர்ல போட்டுட்டு அப்புறம் பாப்பாவுக்கு மாத்திக்கலாம்" என்கிறார் அண்ணன். "நேரா பாப்பா பேர்லயே போட்டுடு" என்கிறார் அம்மா. யார் பேச்சைக் கேட்பது?
- பெயர் வேண்டாம், திருச்சி

பதில்: இருவர் பேச்சையும் கேட்க வேண்டாம். சேமிப்பு உங்களுடையது, மாதத் தவணை உங்கள் சம்பளத்தில் பிடிக்கப்போவது, பத்திரத்தில் மட்டும் வேறொருவரா?

அண்ணன் தங்கமானவர் என்றே வைத்துக்கொள்வோம். அவருக்குக் கடன் ஏறினால் ஜப்தி வருவது அவர் பெயரில் இருக்கும் உங்கள் வீட்டுக்கு. அவருக்கு ஏதாவது ஆகிவிட்டால் வாரிசுகள் அண்ணியும் அவர் பிள்ளைகளும் உங்கள் அம்மாவும். உங்கள் மகள் அந்தப் பட்டியலிலேயே இல்லை.

இது போகட்டும். பினாமி என்றதும் யாரோ ஒரு தலைவரின் டிரைவர் பெயரில் இருக்கும் தென்னந்தோப்புதான் நம் ஞாபகத்துக்கு வருகிறது. 2016-இல் இறுக்கப்பட்ட 1988-ஆம் ஆண்டு பினாமி தடைச் சட்டம் உங்கள் அண்ணனையும் அந்த டிரைவர் பக்கத்தில்தான் நிற்க வைக்கும். கணக்கில் உள்ள பணத்தில் கணவன், மனைவி, பிள்ளை பெயரில் வாங்கினால் விலக்கு உண்டு. உடன்பிறந்தவர் பெயரில் என்றால், உங்கள் பெயரும் கூட்டு உரிமையாளராகப் பத்திரத்தில் இருந்தாக வேண்டும். இல்லாவிட்டால் அது பினாமி சொத்து, அரசு பறிமுதல் செய்யலாம். நாளைக்கு அண்ணன் கையை விரித்தால், "பணம் போட்டது நான்" என்று வழக்குப் போடும் வழியையும் அதே சட்டம் அடைத்துவிட்டது. "அப்புறம் மாத்திக்கலாம்" என்கிறாரே, அதற்கும் இன்னொரு பத்திரச் செலவு உண்டு.

அம்மாவின் யோசனை கேட்க இதமாக இருக்கிறது. ஆனால் பதின்மூன்று வயதுப் பெண்ணுக்கு எந்த வங்கியும் கடன் தராது. பணம் மொத்தமும் கையிலிருந்து போட்டு வாங்கினாலும், பின்னால் அவள் படிப்புக்காக விற்க நினைத்தால் நீதிமன்ற அனுமதி இல்லாமல் விற்க முடியாது. மைனர் சொத்து என்று வந்துவிட்டால் இயற்கைக் காப்பாளர் யார் என்ற கேள்வியும் கூடவே வரும். 1956-ஆம் ஆண்டு இந்து மைனர் மற்றும் காப்பாளர் சட்டத்தில் முதலில் எழுதியிருப்பது அப்பாவைத்தான். 1999-இல் கீதா ஹரிஹரன் வழக்கில் உச்ச நீதிமன்றம் தாய்க்கும் அந்த இடத்தைத் திறந்துவிட்டது என்றாலும், யாருக்குப் பயந்து இந்த ஏற்பாடோ அவரையே நாமாக அழைத்து வாசலில் உட்கார வைப்பானேன்?

இனி, "அவன் பங்கு கேட்டு வருவான்" என்ற பயம். அதில் பாதி வீண், பாதி நிஜம். நீங்கள் சம்பாதித்து உங்கள் பெயரில் வாங்கும் வீட்டில், நீங்கள் இருக்கும்வரை அவருக்கு ஒரு செங்கல்லும் சொந்தமில்லை. நீங்கள் போன பிறகுதான் சிக்கல். இந்து வாரிசுரிமைச் சட்டம் உங்களுக்குப் பொருந்துமானால், உயில் எழுதாமல் இறந்த பெண்ணின் சொத்து பிள்ளைகளுக்கும் கணவருக்கும் சம பங்காகப் போகும். ஆறு வருடம் எட்டிப் பார்க்காதவராக இருந்தாலும், விவாகரத்துத் தீர்ப்பு வரும்வரை சட்டத்தின் கண்ணில் அவர் கணவர்தான். பாதி வீடு அவருக்கு!

இதற்கு மருந்து அண்ணன் பெயர் இல்லை, உயில். முத்திரைத்தாள்கூட வேண்டாம், வெள்ளைத் தாளில் எழுதி இரண்டு சாட்சிகள் முன்னால் கையெழுத்திட்டால் செல்லும். பதிவு கட்டாயமில்லை, ஆனாலும் பதிந்துவிடுங்கள். வீடு மகளுக்கு என்றும், அவள் மேஜராகும்வரை பார்த்துக்கொள்பவர் இன்னார் என்றும் அதில் இருக்கட்டும். அண்ணன் அத்தனை நம்பிக்கையானவர் என்றால் அந்த இடத்தில் அவர் பெயரைப் போடுங்களேன். கூடவே கடன் தொகைக்கு ஈடாக ஒரு டேர்ம் இன்சூரன்ஸ், அதாவது காலத்துக்குள் இறந்தால் மட்டும் பணம் தரும் ஆயுள் காப்பீடு.

பணக் கணக்கையும் பார்த்துவிடுவோம். 30 லட்சம் வரையிலான கடனில் வங்கி வீட்டு மதிப்பில் அதிகபட்சம் 90 சதவீதம்தான் தரலாம், உங்களுக்கு 28.8 லட்சம், அதுவும் சம்பளம் இடம்கொடுத்தால். பழைய ஃபிளாட்டுக்கு முத்திரைத் தீர்வை 7, பதிவுக் கட்டணம் 2, ஆக 9 சதவீதம்: 2.88 லட்சம். இதை வங்கி கணக்கில் சேர்க்காது. ஆகவே ஆறு லட்சத்துக்கு மேல் கைப்பணம் வேண்டும். பெண்கள் பெயரில் பதிந்தால் ஒரு சதவீதம் குறையும் என்று யாராவது சொல்லியிருப்பார்கள். 2025 ஏப்ரலில் வந்த அந்தச் சலுகை 10 லட்சம் வரையிலான சொத்துக்குத்தான். பத்து லட்சத்துக்கு ஸ்ரீரங்கத்தில் என்ன கிடைக்கும்? கார் நிறுத்த இடம் கிடைத்தால் எனக்கும் சொல்லுங்கள்.

கணவர் கையெழுத்து இல்லாமல் கடன் தர முடியாது என்று எந்த வங்கியாவது சொன்னால், அதை எழுத்தில் கேளுங்கள். எழுதித் தர மாட்டார்கள். அடுத்த வங்கிக்குப் போங்கள். முப்பது வருட வில்லங்கச் சான்று, தாய்ப்பத்திரம், பிரிக்கப்படாத நிலப் பங்கு எத்தனை சதுர அடி என்ற விவரம், இவற்றை ஒரு வழக்கறிஞரிடம் காட்டாமல் அட்வான்ஸ் கொடுக்க வேண்டாம்.

பத்திரம் எழுதுபவர் பழக்கதோஷத்தில் 'இன்னாரின் மனைவி' என்று அடித்துவைத்திருப்பார். வரைவை முந்தின நாளே வாங்கிப் படித்து, 'மகள்' என்று அப்பா பெயரைப் போடச் சொல்லலாம். ஆதாரும் பான் கார்டும் அதற்கு ஒத்துப்போகிறதா என்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள். அண்ணனையும் சார்பதிவாளர் அலுவலகத்துக்குக் கூட்டிப் போங்கள். கிரயப் பத்திரத்துக்கு இரண்டு சாட்சிகள் வேண்டும். ஒருவர் தயாராக இருக்கிறாரே.