ஃப்ளை ராட் கேட்டவருக்குக் கடையில் கிடைத்தது என்ன? – கேள்வி பதில்

ஃப்ளை தூண்டில் என்பது பூச்சியோ சிறுமீனோ போலக் கட்டிய லேசான முள்ளை (அதுதான் ஃப்ளை) வீசி மீன் பிடிப்பது. ராட் என்றால் தூண்டில் கோல், ரீல் என்றால் நரம்பு சுற்றும் உருளை. இந்தச் சாமான் வாங்கி ஏமாந்தவர்களும் வாங்கப் போகிறவர்களும் கேட்டவை இவை. வந்த வரிசையிலேயே பதில் சொல்கிறேன். ஒரே கேள்வி திரும்பத் திரும்ப வந்தால் பதில் சுருங்கும். யாரும் கோபித்துக்கொள்ள வேண்டாம்.

வேளச்சேரியிலிருந்து: ஐயா, பாரிமுனைப் பக்கம் ஒரு கடையில் 9 அடி ஃப்ளை ராடும் ரீலும் சேர்த்து 4,500 ரூபாய்க்கு வாங்கினேன். முட்டுக்காட்டில் நின்று வீசினால் ஃப்ளை என் காலடியிலேயே விழுகிறது. வீடியோக்களில் எல்லோரும் 60 அடி தூரம் அநாயாசமாக வீசுகிறார்கள். என் கையில்தான் கோளாறா?

உங்கள் கையில் கோளாறு இல்லை. நீங்கள் அனுப்பிய படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். ரீலில் சுற்றியிருப்பது சாதாரண நைலான் நரம்பு. அதைக் கட்டிக்கொண்டு உலகின் தலைசிறந்த ஆள் வந்து வீசினாலும் ஃப்ளை காலடியில்தான் விழும்.

சாதாரணத் தூண்டிலில் ஈயக்குண்டோ லூரோ (செயற்கை இரை) பறந்து போகிறது, நரம்பு அதன் பின்னால் போகிறது. ஃப்ளையில் இது தலைகீழ். இறகும் முடியும் வைத்துக் கட்டிய அந்த முள்ளுக்குச் சொல்லிக்கொள்ளும்படி எடை கிடையாது. எடை முழுவதும் லைனில் இருக்கிறது. ஃப்ளை லைன் என்பது மேலே பிளாஸ்டிக் பூச்சு கொண்ட, தடித்த, கண்ணில் அடிக்கும் நிறமுள்ள ஒரு கயிறு. லைனின் எண் கூடக் கூட எடையும் கூடும். 8ஆம் எண் லைனின் முதல் 30 அடி 210 கிரெயின், அதாவது ஏறத்தாழ 13.6 கிராம். 5ஆம் எண்ணுக்கு 140 கிரெயின், 9 கிராம். அந்த எடை பின்னால் நீண்டு ராடை வளைக்கிறது. வளைந்த ராட் நிமிரும்போது லைனை முன்னால் தள்ளுகிறது. உங்கள் ரீலில் இருக்கும் நரம்பு 30 அடிக்கு ஒன்றிரண்டு கிராம்தான் வரும். ராட் வளைய மறுக்கிறது, அவ்வளவுதான்.

ராடைத் தூக்கிப்போட வேண்டாம். கைப்பிடிக்குச் சற்று மேலே எழுத்தைப் பாருங்கள். 908-4 என்றிருந்தால் 9 அடி 0 அங்குலம், 8ஆம் எண் லைன், 4 துண்டு என்று பொருள். அதே எண்ணில் லைன் வாங்குங்கள். அதன் நுனியில் 9 அடி லீடர் (நுனி நோக்கி மெலியும் நரம்பு), லீடரின் நுனியில் ஃப்ளை. வீசும்போது கண்ணாடி போட்டுக்கொள்ளுங்கள். பின்னாலிருந்து வரும் முள் கண்ணைத் தேடித்தான் வரும்.

இனி எல்லோருக்கும் ஒரே வேண்டுகோள். கடைக்குள் நுழைந்ததும் “ராட் காட்டுங்கள்” என்று கேட்காதீர்கள். “லைன் இருக்கிறதா?” என்று கேளுங்கள். லைன் இல்லாத கடையில் ஃப்ளை ராட் வாங்குவது கயிறு இல்லாமல் வாளி மட்டும் வாங்கிக்கொண்டு கிணற்றடிக்குப் போவது.

திருவொற்றியூரிலிருந்து: எனக்கு ஃப்ளை ராட் என்று சொல்லிக் கொடுத்ததில் ஸ்பின்னிங் ரீல்தான் மாட்ட முடிகிறது. இது ஃப்ளை ராட்தானா?

இல்லை. ஃப்ளை ராடில் ரீல் மாட்டும் இடம் கைப்பிடிக்குக் கீழே, அடிநுனியில் இருக்கும். உங்கள் கை ரீலுக்கு மேலே இருக்கும். ஸ்பின்னிங் ராடில் ரீல் கைப்பிடியின் நடுவில் உட்காரும். முதல் வளையம் பெரிதாக இருக்கும். ஃப்ளை ராடின் வளையங்களில் பெரும்பாலானவை கம்பியைப் பாம்புபோல் முறுக்கி ஒட்டியவை. உங்கள் கையில் இருப்பது நல்ல ஸ்பின்னிங் ராடாகவே இருக்கலாம். அதில் லூர் போட்டு மீன் பிடியுங்கள்.

அம்பத்தூரிலிருந்து: எந்த பிராண்டு நல்லது?

எண் பொருந்தும் பிராண்டு.

தாம்பரத்திலிருந்து: அண்ணா, “முதல் முறை வாங்குபவர்களுக்கு 5ஆம் எண்தான், எல்லாவற்றுக்கும் ஆகும்” என்று கடையில் சொன்னார்கள். கோவளத்தில் கரையிலிருந்து பாரையும் கொடுவாயும் பிடிக்க ஆசை. வாங்கலாமா?

வேண்டாம் தம்பி. அந்த வாக்கியம் பொய் இல்லை; வேறு ஊருக்குப் பொருந்துவது. குளிர் ஓடைகளில் டிரவுட் என்னும் மீன் பிடிப்பவர்களுக்கு 5ஆம் எண் எல்லாவற்றுக்கும் ஆகும். பெட்டியின் பின்னால் அச்சிட்டிருப்பதைக் கடைக்காரர் அப்படியே ஒப்பித்திருக்கிறார்.

கோவளத்தில் முதல் எதிரி காற்று. நண்பகலுக்கு மேல் கடற்காற்று நேராக முகத்தில் அடிக்கும். 9 கிராம் லைன் அதைக் கிழித்துக்கொண்டு போகாது. இரண்டாவது, முள். பாரைக்குக் கட்டும் பெரிய முள்ளையும் ஈயக்கண் வைத்த ஃப்ளையையும் 5ஆம் எண் தூக்கித் திணறும். மூன்றாவது, கொடுவா. அதன் செவுள் மூடியின் ஓரம் கத்திபோல் இருக்கும். கையை வைத்துப் பார்த்தவர்களுக்குத் தெரியும். ராடோடு இலவசமாகக் கொடுக்கிறார்களே 5எக்ஸ் டிப்பெட், லீடர் நுனியில் கட்டும் மெல்லிய நரம்பு, அதன் தடிமன் 0.15 மில்லிமீட்டர். கொடுவா ஒருமுறை தலையை உதறினால் போதும், அறுந்துவிடும். நுனியில் 30, 40 பவுண்டு தாங்கும் நரம்பு ஓர் அடி நீளமாவது வேண்டும்.

ஆகவே 9 அடி, 8ஆம் எண். ரீலின் பிரேக் உப்புநீர் புகாதபடி மூடியிருக்க வேண்டும். லைனுக்கு அடியில், மீன் தூரம் ஓடினால் விட்டுக்கொடுக்க, 20 பவுண்டு பேக்கிங் நூல் 150 கஜமாவது சுற்றுங்கள். விடியற்காலையில் போங்கள், அப்போது காற்று பெரும்பாலும் நிலத்திலிருந்து கடலுக்கு வீசும், அதாவது உங்கள் முதுகுப் பக்கமிருந்து. பாதி வேலையை அதுவே செய்துவிடும். கண்ணாடி.

சோழிங்கநல்லூரிலிருந்து: சரியான எண் பார்த்து லைன் வாங்கினேன். ஆனால் வெயிலில் பிசுபிசுவென்று வளையங்களில் ஒட்டுகிறது. போலியா?

இது நல்ல கேள்வி. போலியாக இருக்க வேண்டியதில்லை. குளிர்நாட்டு லைனாக இருக்கும். சில்லென்ற நீரில் சுருளாமல் இருக்க அதன் பூச்சை மென்மையாகச் செய்கிறார்கள். அதே பூச்சு சென்னை மே மாதத்தில் துவண்டுபோகும். வெப்பமண்டலத்துக்கென்று தனி லைன் இருக்கிறது, அதன் உள்நூலும் பூச்சும் விறைப்பானவை. பெட்டியில் ‘டிராபிக்கல்’ என்று இருக்கும். கடைக்காரர் எண்ணைப் பார்த்தார், அந்தச் சொல்லைப் பார்க்கவில்லை.

இன்னொன்றையும் சந்தேகிக்கிறேன். கொசுவுக்குக் கையில் ஏதாவது தடவிக்கொண்டு லைனைத் தொட்டீர்களா? ‘டீட்’ கலந்த கொசு விரட்டி பிளாஸ்டிக் பூச்சைக் கரைத்துவிடும். தடவினால் உள்ளங்கையைச் சோப்புப் போட்டுக் கழுவிவிட்டுப் பிடியுங்கள். லைனை மிதமான சோப்பு நீரில் கழுவித் துடைத்துப் பாருங்கள். அப்படியும் ஒட்டினால் லைன் போயிற்று.

பெரம்பூரிலிருந்து: 12+1 பேரிங் உள்ள ஃப்ளை ரீல் என்றார்கள். அதிகம் இருந்தால் நல்லதுதானே?

ஃப்ளை வீசும்போது ரீல் சுழலுவதே இல்லை. லைனைக் கையால் உருவிப் போட்டுத்தான் வீசுகிறோம். 12 பேரிங் யாருக்கு?

மடிப்பாக்கத்திலிருந்து: பள்ளிக்கரணையில் விராலுக்கு எந்த ஃப்ளை?

பள்ளிக்கரணை பாதுகாக்கப்பட்ட சதுப்புநிலம், 2022இல் உலக முக்கியத்துவம் வாய்ந்த சதுப்புநிலங்களின் ராம்சார் பட்டியலிலும் சேர்ந்தது. அங்கே எந்த ஃப்ளையும் வேண்டாம்.

கல்லூரி மாணவர் ஒருவர்: ஊட்டியில் டிரவுட் பிடிக்க 8ஆம் எண் வாங்கிவிட்டேன். கடையில் “பெரியதே நல்லது” என்றார்கள்.

நீலகிரி ஓடைக்கு 4 அல்லது 5 போதும். தாம்பரத்துத் தம்பி வாங்க இருந்ததை நீங்களும், நீங்கள் வாங்கியதை அவரும் வாங்கியிருக்க வேண்டும். மலையில் எங்கே, எப்போது அனுமதி என்பதை உதகையில் உள்ள மீன்வளத் துறை அலுவலகத்தில் கேட்டுக்கொண்டு கிளம்புங்கள்.

போரூரிலிருந்து: ஐயா, என் ஃப்ளை தூரம் போகவில்லை...

ரீலில் என்ன லைன்? முதல் பதில்.

மாதவரத்திலிருந்து: ராட், ரீல், நரம்பு, பத்து ஃப்ளை எல்லாம் சேர்ந்த செட் வாங்கினேன், வீச முடியவில்லை...

நரம்பு என்று நீங்களே எழுதிவிட்டீர்கள். முதல் பதில்.

பிராட்வே பக்கம் கடை வைத்திருப்பவர்: எல்லோரும் எங்களையே திட்டுகிறீர்கள். நல்ல ஃப்ளை லைன் ஒன்றின் விலை நான் விற்கும் ராடைவிட அதிகம். வாங்கி வைத்தால் இரண்டு வருடம் தூங்கும். வாடிக்கையாளரிடம் உண்மையைச் சொன்னால் “பக்கத்துக் கடையில் பாதி விலைக்குத் தருகிறார்கள்” என்று போய்விடுகிறார். நான் என்ன செய்ய?

வந்ததற்கு நன்றி, உண்மையாகவே. விலை விஷயத்தில் நீங்கள் சொல்வது சரி. லைன்தான் இந்தச் சாமான்களிலேயே மனசு வராமல் செலவு செய்யும் பொருள், பார்த்தால் கயிறு. ஆனால் “லைன் தனியாக வாங்க வேண்டும், என்னிடம் இல்லை” என்று சொல்ல எந்த முதலீடும் தேவையில்லை. அதைச் சொல்லாமல் நைலானைச் சுற்றி “ரெடி சார்” என்று கையில் கொடுப்பதைத்தான் குறை சொல்கிறேன்.

ராயபுரத்திலிருந்து: நான் கடைக்காரர் கட்சி. 2,000 ரூபாய்க்குள் எல்லாம் வேண்டும் என்று கேட்டு நிற்பவருக்கு வேறு எதைக் கொடுப்பது?

2,000 ரூபாய்க்கு ஒரு 8 அடி ஸ்பின்னிங் ராடும் சுமாரான ரீலும் கொடுக்கலாம். அவர் இந்த வாரமே கிழங்கான் பிடிப்பார், அடுத்த மாதம் திரும்பி வந்து முள் வாங்குவார். வீசவே முடியாத ஃப்ளை செட்டை வாங்கியவர் திரும்பி வரமாட்டார். அது பரணில் கிடக்கும்.

காசிமேட்டிலிருந்து: இந்தச் சண்டையே தேவையில்லாதது. என் அப்பா கைத்தூண்டிலில் இறாலைக் கோத்துப் பிடித்த கொடுவாயைப் பார்த்தால் உங்கள் ராடெல்லாம் வெட்கப்படும். மீன் வேண்டுமா, வித்தை வேண்டுமா?

மீன் மட்டும் வேண்டும் என்றால் உங்கள் அப்பா சொல்வதே சட்டம். உயிர் இறாலை ஃப்ளை ஒருநாளும் வெல்லாது. ஃப்ளைக்கு வருகிறவர் வித்தைக்காகத்தான் வருகிறார், அதில் என்ன தப்பு? வித்தை கேட்டு வந்தவருக்கு வித்தை காட்ட முடியாத சாமானை விற்காதே என்பதே என் வழக்கு.

ராயபுரத்திலிருந்து மறுபடியும்: அப்படியானால் வாங்குகிறவர் படித்துவிட்டு வரக்கூடாதா?

வரலாம். ஆனால் காசு வாங்குகிறவருக்குப் பொறுப்பு ஒரு பிடி கூடுதல். புதிதாக வருகிறவருக்கு எதைக் கேட்க வேண்டும் என்றே தெரியாது. அதனால்தான் அவர் புதியவர்.

மீண்டும் பிராட்வே கடைக்காரர்: சரி. ஒரே ஒரு லைன் வாங்கி வைக்கிறேன் என்று வைத்துக்கொள்ளுங்கள். எதை வைக்க?

டபிள்யூஎஃப்-8-எஃப், டிராபிக்கல். முதல் இரண்டு எழுத்து முன்பக்கம் எடை கூடியது, கடைசி எழுத்து மிதப்பது. கழிமுகம், கடற்கரை, முட்டுக்காடு எல்லாவற்றுக்கும் அதுவே போதும். கூடவே உங்களிடம் தேங்கியிருக்கும் ராடுகளை எடுத்து எண்ணைப் பாருங்கள். 8 இருந்தால் லைனோடு சேர்த்து விலை சொல்லுங்கள். 5 இருந்தால் ஊட்டிக்குப் போகிறவருக்கு எடுத்து வையுங்கள். முடிந்தால் ஞாயிறு காலையில் வாடிக்கையாளரை ஏதாவது ஒரு காலி மைதானத்துக்குக் கூட்டிப்போய், முள்ளுக்குப் பதில் கம்பளி நூல் கட்டி வீசச் சொல்லுங்கள். முன்னால் போவதைப்போலவே பின்னாலும் லைன் நீண்டு போகும் என்பதை அங்கே கண்ணால் பார்த்துவிட்டால், மாலை நேரத்து மெரினாவில் வீசலாமா என்று யாரும் உங்களைக் கேட்கமாட்டார்கள். மேலே மின்கம்பி இல்லாத மைதானமாகப் பாருங்கள். கார்பன் ராடில் மின்சாரம் பாயும்.

எண்ணூரிலிருந்து: ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை தடைக்காலம். கரையில் நின்று வீசலாமா?

அந்தத் தடை விசைப்படகுகளுக்கு. வீசலாம். கண்ணாடி.

ஆவடியிலிருந்து: ஐயா, புதிதாக ஆரம்பிக்கிறேன். நல்ல ஃப்ளை ராட் ஒன்று சொல்லுங்கள்.

லைன் வாங்கிவிட்டீர்களா?