உங்கள் இடத்தில் ஊரார் கார்: வக்கீல் அம்மா பதில்கள்

கார் நிறுத்தும் இடம் பற்றிய கடிதங்கள் நிறையச் சேர்ந்துவிட்டன. அதனால் இந்த இதழில் அவை மட்டும். பெயர் வேண்டாம் என்று எல்லாருமே கேட்டிருக்கிறார்கள். ஊரை மட்டும் போடுகிறேன்.

கேள்வி: வக்கீல் அம்மாவுக்கு வணக்கம். வேளச்சேரியில் ஒரு சின்ன அப்பார்ட்மென்டில் இரண்டாவது மாடியில் இருக்கிறோம். கணவர் மஸ்கட்டில் வேலை பார்க்கிறார். மாமனாருக்கு டயாலிசிஸ் நடக்கிறது. வாரம் மூன்று நாள் நான்தான் காரில் அழைத்துப் போய் வருகிறேன். பக்கத்துக் கட்டடத்தில் கிளினிக் வந்ததிலிருந்து, ஸ்டில்டில், அதாவது தூண்கள் மேல் நிற்கும் கட்டடத்தின் அடியில் உள்ள பார்க்கிங்கில், எங்கள் ஸ்லாட்டில் யாராவது காரை விட்டுவிட்டுப் போய்விடுகிறார்கள். வாக்கரோடு மாமனாரைத் தெருவிலேயே இறக்கி நடத்திக் கூட்டி வர வேண்டியிருக்கிறது. வாட்ச்மேனைக் கேட்டால் "சொன்னா கேக்க மாட்டேங்கறாங்கம்மா" என்கிறார். கீழ் வீட்டுக்காரர் "ரெண்டு தடவை காத்தைப் புடுங்கி விடுங்க, தானா அடங்கும்" என்கிறார். செய்யலாமா? போலீஸில் சொன்னால் வண்டியைத் தூக்கிப் போவார்களா? இந்த இடத்துக்கு பில்டரிடம் தனியாகப் பணம் கட்டி ரசீது வைத்திருக்கிறோம். மழைக்காலத்தில் காரை மேம்பாலத்தில் விட்டுவிட்டுத் திரும்பினாலும் இதே கதைதான். (வாசகி, வேளச்சேரி)

பதில்: டயாலிசிஸ் முடிந்து வரும் மனிதர் எவ்வளவு சோர்ந்து போயிருப்பார் என்று எனக்குத் தெரியும். அவரைத் தெருவில் இறக்கி நடக்க வைக்க வேண்டிய நிலை எந்த வீட்டுக்கும் வரக்கூடாது. உங்கள் கோபம் நியாயமானது. ஆனால் காற்றைப் பிடுங்காதீர்கள்.

சட்டத்தை விடுங்கள், முதலில் நடைமுறையைப் பாருங்கள். காற்று இறங்கிய வண்டி எங்கே போகும்? உங்கள் ஸ்லாட்டிலேயேதான் நிற்கும். பஞ்சர்காரர் வந்து பார்க்கும்வரை, சில சமயம் மறுநாள் காலை வரை. உங்களுக்கு வேண்டியது இடம் காலியாவது. அப்புறம் சட்டம். அடுத்தவர் வண்டிக்கு வேண்டுமென்றே சேதம் செய்தால், இந்தியத் தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக 2024 ஜூலை முதல் நடைமுறையில் இருக்கும் பாரதிய நியாய சன்ஹிதாவின் 324-ஆம் பிரிவில் உங்கள் மேல் புகார் கொடுக்க வழி இருக்கிறது. வால்வு போனாலும், டயர் ஓரம் கிழிந்தாலும் கேள்வி உங்களிடம்தான் வரும். அதுவரை குற்றம் அவர் பக்கம் இருந்தது. அந்த நிமிஷத்திலிருந்து ஸ்டேஷனில் நீங்களும் பதில் சொல்ல வேண்டும். சங்கிலி போட்டுப் பூட்டுவது, கேட்டைச் சாத்தி வைத்து வண்டியை வெளியே விடாமல் செய்வது எல்லாவற்றுக்கும் இதே பதில். அந்த வண்டியில் வந்தவர் காய்ச்சலோடு இருக்கும் குழந்தையைத் தூக்கிக்கொண்டு வந்து நின்றால் என்ன செய்வீர்கள்? கிளினிக்குக்கு வருகிறவர் என்பதை மறக்க வேண்டாம்.

போலீஸ் தூக்கிப் போவார்களா என்றால், பெரும்பாலும் மாட்டார்கள். வண்டியை அப்புறப்படுத்தும் அதிகாரம் மோட்டார் வாகனச் சட்டத்தின் 127-ஆம் பிரிவில் வருகிறது. அது பொது இடத்துக்கானது. உங்கள் ஸ்டில்ட் காம்பவுண்டுக்குள் இருக்கிறது. குற்றமுறு அத்துமீறல் என்று நியாய சன்ஹிதாவில் 329-ஆம் பிரிவு இருக்கிறதே என்பீர்கள். அதற்கு, உங்களைத் தொல்லைப்படுத்தவோ மிரட்டவோ அவமதிக்கவோ குற்றம் செய்யவோ வேண்டுமென்றே வந்தார் என்று காட்ட வேண்டும். காலி இடம் என்று நினைத்து, தெரியாமல் நிறுத்தியவரிடம் அது ஒட்டாது. ஆனால் எழுத்தில் சொன்ன பிறகும் அதே வண்டி திரும்பத் திரும்ப வந்தால், கேட்டதற்கு வாய்க்கு வந்தபடி பேசினால், அப்போது மனு கொடுங்கள். கொடுத்தால், மனுவைப் பெற்றுக்கொண்டதற்கு ஸ்டேஷனில் தரும் சி.எஸ்.ஆர். ரசீது வாங்காமல் வராதீர்கள்.

ஆகவே, எழுத்தில் சொல்வதுதான் ஆரம்பம். அதற்கும் முன்னால், இந்த இடம் உங்களுடையது என்று எந்தக் காகிதம் சொல்கிறது என்று பாருங்கள். இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன், ஏனென்றால் சென்னையில் பலருக்கும் இது தெரியவில்லை. பில்டர் கொடுத்த பண ரசீது மட்டும் போதாது. 2010-இல் மும்பை தகிசரில் இருந்த ஒரு குடியிருப்பு வழக்கில் உச்ச நீதிமன்றம், திறந்தவெளி பார்க்கிங்கையும் ஸ்டில்ட் பார்க்கிங்கையும் பில்டர் தனிச் சரக்காக விற்க முடியாது, அவை பொதுப் பகுதி என்று சொன்னது. அது மகாராஷ்டிரச் சட்டத்தை வைத்து வந்த தீர்ப்பு. பிறகு வந்த 2016-ஆம் வருஷத்து ரியல் எஸ்டேட் சட்டமும் திறந்தவெளி பார்க்கிங்கைப் பொதுப் பகுதியில்தான் சேர்த்திருக்கிறது. இதனால் உங்கள் இடம் பறிபோய்விட்டது என்று பயப்பட வேண்டாம். உங்கள் பலம் ரசீதைவிட ஒதுக்கீட்டில் இருக்கிறது என்று புரிந்துகொண்டால் போதும். கிரயப் பத்திரத்தின் சொத்து விவரத்தில் "ஒரு கார் நிறுத்துமிடம்" என்று இருக்கிறதா? கட்டுமான ஒப்பந்தத்தில் ஸ்லாட் எண் இருக்கிறதா? இல்லையென்றால் அசோசியேஷன் பொதுக்குழுவில் எந்த வீட்டுக்கு எந்த இடம் என்று வரைபடத்தோடு தீர்மானம் போட்டு, மினிட்ஸ் புத்தகத்தில் எல்லா வீட்டாரும் கையெழுத்துப் போடுங்கள். உள்ளே இருப்பவர்களுக்குள் தகராறு இல்லை என்று ஆகிவிட்டால் வெளியாளிடம் பேசுவது சுலபம்.

அடுத்து அடையாளம். உங்கள் ஸ்டில்டுக்கு இறங்கிப் போய், கேட்டிலிருந்து காரில் வருகிறவர் கண்ணோடு பாருங்கள். பல கட்டடங்களில் தூணின் பின்பக்கம், மீட்டர் பெட்டிக்குப் பக்கத்தில், பில்டர் காலத்தில் எழுதிய ஒரு எண் பாதி உதிர்ந்து கிடக்கும். புதிதாக வருகிறவருக்கு அது தெரியாது. அவர் கண்ணுக்கு அது சும்மா கிடக்கிற இடம். தரையில் மஞ்சள் பெயின்டில் எல்லைக்கோடு போடுங்கள். தூணில் முன்பக்கம் பார்க்க, மார்பு உயரத்தில், வீட்டு எண்ணைப் பெரிதாக எழுதுங்கள். நடுவில் மடக்கிப் பூட்டும் இரும்புத் தூண் ஒன்று பொருத்தலாம். தரை பொதுச் சொத்து என்பதால் அசோசியேஷனிடம் எழுத்தில் சம்மதம் வாங்கிக்கொண்டு பொருத்துங்கள். பக்கத்து ஸ்லாட்காரர் வண்டி திருப்ப இடைஞ்சல் இல்லாமலும் இருக்க வேண்டும். மாமனாரோடு வரும் நாளில் இறங்கி அதைத் திறப்பது சிரமம்தான்; கேட்டுக்குள் உங்கள் கார் நுழையும்போதே வாட்ச்மேன் திறந்து வைக்கட்டும், ஒரு சாவி அவரிடம் இருக்கட்டும்.

வாட்ச்மேன் என்றதும் ஒன்று சொல்ல வேண்டும். அவரைத் திட்டாதீர்கள். பெரிய கார்க்காரர் கண்ணாடியை இறக்கி "நான் யார் தெரியுமா" என்று கேட்கும்போது, மாதக் கடைசிச் சம்பளத்தை எதிர்பார்த்து நிற்கும் வயதான மனிதர் என்ன செய்ய முடியும்? அவர் கையில் அசோசியேஷன் லெட்டர்ஹெட்டில் அச்சடித்த சீட்டு ஒரு கட்டு கொடுங்கள். அவர் பேச வேண்டாம், நீட்டினால் போதும். இப்படி இருக்கலாம்:

"வணக்கம். இது இரண்டாம் மாடி எஃப்-4 வீட்டுக்கு ஒதுக்கப்பட்ட இடம். நடக்க முடியாத பெரியவரை இங்கேதான் காரிலிருந்து இறக்க வேண்டும். தயவுசெய்து இங்கே நிறுத்த வேண்டாம். உங்கள் வண்டி எண்ணும் நேரமும் எங்கள் பதிவேட்டில் குறிக்கப்பட்டுள்ளன. – செயலாளர்."

ஆள் இல்லாத வண்டி என்றால் வைப்பரில் செருகிவிடுங்கள். பசை போட்டுக் கண்ணாடியில் ஒட்டாதீர்கள், சுரண்டும்போது ஆத்திரம்தான் மிஞ்சும். தூணில் உள்ள எண்ணும் நம்பர் பிளேட்டும் ஒரே படத்தில் வரும்படி செல்லில் எடுத்து வையுங்கள். வண்டி விவரம் பார்க்கும் அரசின் எம்பரிவாகன் செயலியில் வண்டி எண்ணைப் போட்டால் உரிமையாளர் பெயர் பாதி மறைத்துத்தான் வரும், செல் நம்பர் வராது. அதனால் எண்ணைக் குறித்துக்கொண்டு நேரே கிளினிக் வரவேற்பறைக்குப் போங்கள். டோக்கன் போட்டு உட்கார்ந்திருப்பவர்களைப் பார்த்து எண்ணை வாசித்தால், பெரும்பாலும் அங்கேயே ஒருவர் எழுந்திருப்பார். கிளினிக் நிர்வாகத்துக்கும் அசோசியேஷன் பெயரில் ஒரு கடிதம் கொடுத்து, நகலில் கையெழுத்து வாங்குங்கள். டோக்கன் கொடுக்கும் இடத்திலேயே "பக்கத்துக் கட்டடத்தில் நிறுத்தாதீர்கள்" என்று ஒரு பலகை வைக்கச் சொல்லுங்கள். அவர்களும் அக்கம்பக்கத்தோடு ஒத்துப்போகத்தான் விரும்புவார்கள். இதற்கும் அசையவில்லை என்றால் உரிமையியல் நீதிமன்றத்தில் தடையாணை கேட்கலாம். அதற்கு இந்தக் கடித நகலும் படங்களும்தான் சாட்சி.

இன்னொன்று. வருகிற எல்லா வண்டியும் கிளினிக் வண்டிதானா என்று பாருங்கள். நங்கநல்லூரில் எங்கள் குடியிருப்புக்கு நான் செயலாளராக இருந்தபோது, இதுபோன்ற ஒரு சண்டையில் குறுக்கே நின்றிருக்கிறேன். ஸ்லாட்காரர் உறுமிக்கொண்டு நிற்கிறார். எதிரே வெளியூரிலிருந்து வந்த ஒரு குடும்பம், பத்தாம் நாள் காரியத்துக்கு வந்தவர்கள், ஈர வேட்டியோடு திகைத்துப் போய் நிற்கிறார்கள். விசாரித்தால், முதல் மாடியில் இருக்கும் உறவினரே மேலேயிருந்து கையைக் காட்டி "அங்க விடுங்க, அவங்க வர லேட் ஆகும்" என்று சொல்லியிருக்கிறார். அந்நியர் என்று நாம் நினைப்பவரை உள்ளே கூப்பிட்டது பல சமயம் நம் பக்கத்து வீடுதான். எந்த வீட்டு விருந்தாளியோ அந்த வீடே பொறுப்பு என்று அசோசியேஷன் விதிகளான பைலாவில் எழுதுங்கள். எங்கள் குடியிருப்பில் அதன் பிறகு தகராறு வெகுவாகக் குறைந்தது.

மழை விஷயம் மட்டும் தனி. 2024 அக்டோபரில் கனமழை எச்சரிக்கை வந்ததுமே வேளச்சேரி மேம்பாலத்தில் கார்கள் வரிசை கட்டி நின்றதை எல்லாரும் பார்த்தோம். முந்தைய டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தில் வண்டியைப் பறிகொடுத்தவர்களின் பயம் அது. தண்ணீர் ஏறும் நாளில் யாராவது உங்கள் மேடான இடத்தில் வண்டியை ஏற்றிவிட்டார் என்றால் அந்த இரண்டு நாள் விட்டுக்கொடுங்கள். தண்ணீர் வடிந்ததும் கேளுங்கள்.

கேள்வி: தனி வீடு. எதிரே டிபன் கடை. சாப்பிட வருகிறவர்கள் எங்கள் கேட்டை மறைத்து வண்டியை நிறுத்துகிறார்கள். கேட்டுக்கு முன்னால் ரோட்டில் இரண்டு கல்லும் ஒரு "நோ பார்க்கிங்" பலகையும் வைத்தேன். கடைக்காரர் தூக்கி எறிந்துவிட்டு, "ரோடு என்ன உங்க அப்பன் வீட்டு சொத்தா" என்கிறார். (வாசகர், மதுரை)

பதில்: அவர் பேசிய விதம் தப்பு. ஆனால் ரோடு மாநகராட்சியுடையது என்பது சரி. வீட்டு முன்னால் இருக்கும் ரோட்டில் நமக்குத் தனி உரிமை கிடையாது; கல், பலகை, பூந்தொட்டி எதுவும் அங்கே வைக்கக்கூடாது. கேட்டிலோ உங்கள் காம்பவுண்டுச் சுவரிலோ பலகை மாட்டுங்கள்.

கேட்டை மறைப்பது வேறு விஷயம். 2017-ஆம் வருஷத்து வாகன ஓட்டுதல் விதிகளின்படி, ஒரு இடத்தின் நுழைவாயிலை மறித்து வண்டி நிறுத்தக்கூடாது. முதல் கடிதத்தில் போலீஸால் செய்ய முடியாததை இங்கே செய்ய முடியும், இது பொது ரோடு. போக்குவரத்துக் காவலர் அபராதம் போடலாம். முதல் தடவை 500 ரூபாய், மறுபடியும் என்றால் 1,500. வண்டியை அப்புறப்படுத்தவும் செய்யலாம். கேட் மூடி, வண்டி மறைத்து நிற்கும் படத்தோடு புகார் கொடுங்கள். அதற்கு முன் உங்கள் கேட்டுக்கான சாய்தளம் சாக்கடையைத் தாண்டி ரோட்டில் நீட்டிக்கொண்டிருந்தால் அதைச் சரிசெய்துவிடுங்கள். பார்க்க வரும் அதிகாரியின் கண்ணில் அதுவும்தான் படும். கடைக்காரரிடம் கூட்டம் குறைந்த மதிய நேரத்தில் ஒரு முறை போய்ப் பேசுங்கள். பரோட்டா மாஸ்டர் கல்லில் நிற்கும் நேரத்தில் நியாயம் பேசினால் யார் காதிலும் ஏறாது.

கேள்வி: ஒரு கல்யாணத்துக்குப் போனபோது மண்டபத்தில் இடம் இல்லை. பக்கத்து அப்பார்ட்மென்டில் காலி இடம் பார்த்து நிறுத்தினேன். திரும்பி வந்தால் சைடு மிரர் உடைந்து கிடக்கிறது, கதவில் நீளமாகக் கீறல். நான் அடுத்தவர் இடத்தில் நிறுத்தியதால் புகார் கொடுக்க முடியாதா? (வாசகர், திருச்சி)

பதில்: கொடுக்கலாம். தப்பான இடத்தில் நிறுத்தினார் என்பதற்காக வண்டியை உடைக்க யாருக்கும் உரிமை இல்லை. யார் செய்தார் என்று காட்டத்தான் வேண்டும். கேமரா பதிவு அழிந்துபோகும் முன் கேளுங்கள். முழுக் காப்பீடு இருந்தால் இதற்கு இழப்பீடு கேட்கலாம், ஆனால் இழப்பீடு கேட்காத வருஷத்துக்குப் பிரீமியத்தில் கிடைக்கும் தள்ளுபடியான நோ கிளெய்ம் போனஸ் போகும். மிரர் விலையையும் போனஸ் தொகையையும் கணக்குப் பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள்.

ஆனாலும் அந்த அப்பார்ட்மென்டுக்குக் கேட்கப் போகும்போது முதலில் மன்னிப்புக் கேளுங்கள். அந்த இடத்துக்குரியவர் எவ்வளவு நேரம் தெருவில் நின்றாரோ, அவர் வண்டியில் யார் இருந்தார்களோ, உங்களுக்குத் தெரியாது. இப்படி முகம் கொடுத்துப் பேசினால் பல நேரம் விஷயம் அங்கேயே முடிகிறது, மிரருக்கான பணமும் கைக்கு வருகிறது. வெளியில் எங்கே வண்டி விட்டாலும் முன்கண்ணாடியில் செல் நம்பரைப் பெரிதாக எழுதி வையுங்கள். கூப்பிட்டால் எடுங்கள், நாதஸ்வரம் முழங்கிக்கொண்டிருந்தாலும் சரி.