மன்னித்தால் வழக்கை வாபஸ் வாங்க வேண்டுமா?

வணக்கம் மேடம். அப்பா படுத்த படுக்கையாக இருந்தபோது அவரிடம் கையெழுத்து வாங்கி, வீட்டைத் தன் பெயருக்கு மாற்றிக்கொண்டார் அண்ணன். அப்பா இறந்த பிறகுதான் எனக்குத் தெரிந்தது. பங்கு கேட்டு வழக்குப் போட்டேன், நடந்துகொண்டிருக்கிறது. போன மாதம் அண்ணன் வந்து அழுது மன்னிப்புக் கேட்டார். "சரி, மன்னிச்சிட்டேன்" என்றேன். இப்போது அம்மாவும் உறவினர்களும், "மன்னிச்ச பிறகு வழக்கு எதுக்கு?" என்கிறார்கள். எனக்கோ அவர் குரலைக் கேட்டாலே இன்னும் உடம்பு பதறுகிறது. நான் சொன்னது பொய்தானா?
– ஒரு வாசகி

அன்புச் சகோதரிக்கு,

நீங்கள் பொய் சொல்லவில்லை. 'இனி இவருக்குக் கெடுதல் நினைக்க மாட்டேன்' என்று முடிவெடுப்பது ஒன்று, உள்ளே இருக்கும் கோபம் ஆறுவது இன்னொன்று. மன்னிப்பைப் பல ஆண்டுகளாக ஆராய்ந்துவரும் அமெரிக்க உளவியலாளர் எவரெட் வொர்திங்டன் இவ்விரண்டையும் பிரித்தே பேசுகிறார். அவருடைய தாயை 1996 புத்தாண்டையொட்டி வீடு புகுந்து கொன்றுவிட்டார்கள். அதற்கு முன்பே மன்னிப்பைப் பற்றி எழுதியவர்தான் அவர். ஆனாலும் அவருக்கு முதலில் வந்தது கடும் ஆத்திரம். முடிவை ஒரே நாளில் எடுக்கலாம், மனசு ஆற மாதங்களோ வருடங்களோ ஆகலாம். உங்கள் உடம்பு பதறுவதைக் குற்றமாக நினைக்காதீர்கள்.

வழக்கு வேறு விஷயம். உங்களுக்கு நேர்ந்த அநியாயத்தை நியாயமென்று ஒப்புக்கொள்வதோ, உரிமையை விட்டுக்கொடுப்பதோ, பழையபடி நெருங்கிப் பழகுவதோ மன்னிப்புக்குள் அடங்காது. இந்தத் துறையின் இன்னொரு முன்னோடி ராபர்ட் என்ரைட்டும், மன்னித்துக்கொண்டே நீதியும் கேட்கலாம் என்கிறார். உறவு திரும்புவதற்கு இரண்டு பேரும் மாற வேண்டும். அந்தப் பாரத்தை உங்கள் வீட்டார் உங்கள் ஒருவர் தலையில் மட்டும் வைப்பது எனக்குச் சரியாகப் படவில்லை.

உங்கள் கடிதத்தில் ஒன்றைத் தேடிப் பார்த்தேன். அண்ணன் அழுதார், மன்னிப்புக் கேட்டார். வீட்டைப் பற்றி என்ன சொன்னார்? ஒரு வரிகூட இல்லை. அம்மாவையும் வைத்துக்கொண்டு அமைதியாகக் கேளுங்கள். பங்கு தர அவர் தயார் என்றால், இரு தரப்பு வழக்கறிஞர்களும் சமரசமாக எழுதிக் கொடுத்து வழக்கை முடிக்கலாம். அதுவரை வாபஸ் வேண்டாம்.

அப்புறம், அவரிடம் சொல்ல நினைத்த எல்லாவற்றையும் ஒரு தாளில் எழுதுங்கள், அனுப்ப வேண்டாம். அவர் போனை உடனே எடுத்தாக வேண்டும் என்பதும் இல்லை. தூக்கம் கெடும் அளவுக்குப் பதற்றம் நீடித்தால், தயங்காமல் ஓர் ஆலோசகரை நேரில் பாருங்கள்.